தக்காளியில் இலைக்கருகல்: அடி இலையைப் பார்த்துவிட்டு மருந்துக்குப் போங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தக்காளி போட்டவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இலையில் விழும் பழுப்புப் பொட்டைப் பற்றித்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் நடுபவர்களும் கேட்கிறார்கள், மாடியில் நாலு பை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். இங்கே பேசப்போவது முன்பருவ இலைக்கருகல் என்ற பூஞ்சண நோயைப் பற்றி. வயலில் இதைச் சுருக்கமாகக் 'கருகல்' என்பார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கருகல் என்ற ஒரே சொல்லில் நாலைந்து நோய்களை அடைத்துவிடுகிறோம், அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை வாங்கி அடிக்கிறோம்.

அடி இலையில் பழுப்பாகப் பொட்டு விழுந்திருக்கிறது. இது கருகல் நோய்தானா?

இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதல் நாளில் அது மிளகளவு கரும்பழுப்புப் புள்ளிதான். அந்த நிலையில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நாலைந்து நாள் கழித்துப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் வரை விரியும். அப்போது பொட்டுக்குள் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரியும். மரத்தைக் குறுக்கே அறுத்தால் அடிக்கட்டையில் தெரிகிற வளையங்களைப் போலவே இருக்கும். பொட்டைச் சுற்றி இலை மஞ்சளாகும். விரலால் தொட்டால் பொட்டு காய்ந்த காகிதம் போல் சொரசொரப்பாக இருக்கும், அழுத்தினால் நொறுங்கும்.

வளையம், சுற்றிலும் மஞ்சள், அடி இலையில் தொடக்கம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் முன்பருவ இலைக்கருகல்தான். மூன்றில் எனக்கு முக்கியமானது கடைசியாகச் சொன்னது. இந்த நோய் முதலில் பிடிப்பது மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் முதிர்ந்த இலையை. அங்கிருந்துதான் படிப்படியாக மேலே ஏறும். கொழுந்து பச்சையாக இருக்க, அடி இலை மஞ்சளாகிக் காய்ந்து தொங்கும். செடியைத் தூரத்திலிருந்து பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் மாதிரி, கீழே வெறும் தண்டும் மேலே இலையுமாகத் தெரியும்.

'முன்பருவம்' என்கிறார்கள். ஆனால் என் செடியில் காய் பிடித்த பிறகுதானே வந்தது?

அப்படித்தான் வரும். பின்பருவக் கருகல் என்று இன்னொரு நோய் உண்டு. அதற்கு முந்தி வருவது என்ற பொருளில் வைத்த பெயர் இது. நாற்றிலேயே வரக்கூடும் என்றாலும், நம் வயல்களில் அதிகம் கண்ணில் படுவது பூவும் காயும் நிறைந்த பிறகு. செடி தன் சத்தையெல்லாம் காய்க்குக் கொடுக்கத் தொடங்கியதும் அடி இலைகள் தளர்ந்துபோகும், பூஞ்சணம் அதில் எளிதாக நுழைந்துவிடும். அதனால் முதல் பூ கண்ட நாளிலிருந்து வாரம் இரண்டு முறையாவது குனிந்து அடி இலையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் மேல் இலைதான் தெரியும்.

இதை உண்டாக்குவது எது? எங்கிருந்து வருகிறது?

ஆல்டர்நேரியா என்ற பூஞ்சணம். போன பட்டத்தில் வயலில் விட்ட காய்ந்த செடி, உதிர்ந்த இலை, அழுகிய காய் இவற்றில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விதையோடும் வரும். கத்தரி, உருளைக்கிழங்கு, வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளி எல்லாம் தக்காளியின் சொந்தக்காரச் செடிகள், அவற்றிலும் தங்கும். அங்கிருந்து காற்றிலும், மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போதும் அதன் வித்துகள் (பூஞ்சணம் பரவும் நுண்துகள்கள்) இலைக்கு ஏறும். ஈரச் செடிகளுக்குள் புகுந்து வேலை பார்த்தால் நம் கையும் துணியும்கூட அதைச் சுமந்து போகும்.

எந்தக் காலத்தில் அதிகம்?

வெப்பம் 24 முதல் 29 டிகிரிக்குள் இருந்து, இலையில் ஈரம் சில மணி நேரம் தங்கினால் அதற்குப் போதும். விடாமல் கொட்டும் மழையை விட, ஒரு நாள் மழை, மறுநாள் வெயில், ராத்திரி பனி என்று மாறிமாறி வரும் காலம்தான் இதற்கு வாய்ப்பு. வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் வாரங்களிலும், அதையடுத்து விடியற்காலை இலையெல்லாம் நனைந்திருக்கும் பனிக்காலத்திலும் கவனமாக இருங்கள். மழையே இல்லை, எப்படி வந்தது என்று கேட்பவர்கள் காலை 6 மணிக்கு வயலில் நடந்து பார்த்தால் போதும். கால் நனைந்தால் இலையும் நனைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மற்ற நோய்களிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தவறான நோய்க்கு அடித்த மருந்தால் பணம், கூலி, நாள் மூன்றும் போய்விடும்.

முதலில் பின்பருவக் கருகல். பெயர் ஒட்டியிருந்தாலும் குணம் முற்றிலும் வேறு. கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களிலும், சமவெளியில் மேகமூட்டம் போட்டுக் குளிராக இருக்கும் நாட்களிலும் வரும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது இந்த நோய்தான். இலையில் வெந்நீர் பட்டது போல் நனைந்த சாம்பல்பச்சைத் திட்டு விழும், வளையம் இருக்காது, சில நாட்களிலேயே செடியே கருகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பொட்டு விழுந்த இலையை, நனைத்துப் பிழிந்த காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ராத்திரி முழுதும் வீட்டுக்குள் வையுங்கள். காலையில் இலையின் அடிப்பக்கம், திட்டின் ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய பூசணம் படர்ந்திருந்தால் அது பின்பருவக் கருகல். அதற்கு மருந்து வேறு, அவசரமும் வேறு. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது செப்டோரியா இலைப்புள்ளி. இதுவும் அடி இலையில்தான் தொடங்கும், அதனால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புள்ளிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் ஒரே இலையில் ஏகப்பட்டது இருக்கும். நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கருமை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சாம்பல் பகுதியில் ஊசி முனையளவு கறுப்புத் துகள்கள் தெரியும். வளையம் கிடையாது. இதைக் கருகல் என்று நினைத்து மாங்கோசெப் என்ற பூஞ்சண மருந்தை அடித்துவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, அது இதற்கும் கேட்கும்.

பாக்டீரியா இலைப்புள்ளியில் பொட்டுகள் சிறியவை, எண்ணெய் பட்டது போல் பளபளப்பாகத் தொடங்கிக் கறுக்கும். காயில் சொறி பிடித்தது மாதிரி மேடிட்ட புள்ளிகள் வரும். பூஞ்சண மருந்துகளில் பெரும்பாலானவை இதற்குப் பயனில்லை, தாமிர மருந்துதான் ஓரளவு தடுக்கும்.

கடைசியாக, நுனி கருகும் வைரஸ் நோய். இதில் நானே ஒரு தடவை வசமாக ஏமாந்தேன். செடியில் கருஞ்சிவப்பும் பழுப்புமாகப் பொட்டுகளைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடினேன். கருகல் என்றேன், கருகலுக்கான மருந்தைக் கொடுத்தார்கள். 10 நாளில் மூன்று தடவை அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். அடி இலைகள் பச்சையாக இருந்தன, கொழுந்துதான் வெண்கல நிறத்துக்கு மாறிக் கருகியிருந்தது. நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் அதே வைரஸ் தக்காளிக்கும் வரும், பரப்புவது இலைப்பேன் என்ற சிறு பூச்சி. பூஞ்சண மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எந்த இலையில் தொடங்கியது, அடியிலா நுனியிலா?

தண்டிலும் காயிலும் வருமா?

வரும். நாற்றில் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து இறுகிப்போகும், செடி சாய்ந்துவிடும். வளர்ந்த செடியின் தண்டில் நீள்வட்டமாக, உள்வாங்கிய கறுத்த வடு, அதிலும் வளையம் இருக்கும். காயில் பெரும்பாலும் காம்புப் பக்கம்தான். காம்பைச் சுற்றிய பச்சை இதழ்களுக்கு அடியில் தொடங்கித் தோல் மாதிரி கறுத்துக் குழியும். காயின் அடிப்பக்கம், பூ உதிர்ந்த முனை கறுத்திருந்தால் அது நோயே அல்ல, சுண்ணாம்புச் சத்துக் குறைவும் நீர் ஏறி இறங்கியதும் காரணம். அதற்குப் பூஞ்சண மருந்து அடிக்காதீர்கள்.

காயில் பொட்டு விழாவிட்டாலும் நஷ்டம் உண்டு. இலை உதிர்ந்த செடியில் காய் நேரடி வெயிலில் வெந்து ஒரு பக்கம் வெளுத்துப்போகும். சந்தையில் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்.

நோய் என்று தெரிந்துவிட்டது. இன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

மருந்துக்கு முந்தி கை வேலை. பனி காய்ந்த பிறகு, 9 மணிக்கு மேல், ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். பொட்டு விழுந்த அடி இலைகளைக் காம்போடு கிள்ளிச் சாக்கில் போடுங்கள். பாரிலேயே, அதாவது செடி வரிசைகளுக்கு இடையிலேயே, போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த மழைக்கு அதே இலையிலிருந்துதான் வித்து தெறிக்கும். செடி நன்றாக வளர்ந்திருந்தால் மண்ணிலிருந்து ஒரு அடி உயரம் வரை இலையே இல்லாமல் எடுத்துவிடலாம், காற்று புகும். ஆனால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையை எடுத்தால் செடி வாடும், காயும் வெயிலில் வேகும். நோய் கடுமையாக இருந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு எடுங்கள்.

எடுத்த இலையை எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். சரியாகச் சூடேறாத எருக்குழியில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு நோயை நாமே சேமித்து வைத்தது போலாகிவிடும்.

செடி தரையில் படுத்துக் கிடந்தால் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். தண்ணீர் தெளிப்பானில் பாய்ச்சுவதாக இருந்தால் நிறுத்திவிட்டுச் சொட்டுநீரோ பாரில் விடும் நீரோ கொடுங்கள், அதுவும் காலையில்.

எந்த மருந்து, எவ்வளவு?

அடி இலையில் மட்டும் இருக்கும்போது மாங்கோசெப் 75 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம் போதும். 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கலவை பிடிக்கும், அதாவது 12 அல்லது 13 டேங்க். தூளை நேரடியாக டேங்கில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். ஒரு மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குச்சியால் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு டேங்கில் ஊற்றி நீர் நிரப்புங்கள். மாங்கோசெப்புக்குப் பதிலாக குளோரோதலோனில் 2 கிராமும் அடிக்கலாம். இரண்டுமே இலையின் மேல் ஒரு படலமாக நின்று வித்து முளைக்காமல் தடுப்பவை. உள்ளே போன பூஞ்சணத்தைக் கொல்லாது, மழை பெய்தால் கழுவிப்போய்விடும். ஒட்டும் திரவம் சேர்ப்பது அதனால்தான்.

நோய் செடியின் நடுப்பகுதி வரை ஏறிவிட்டால் செடிக்குள் ஊடுருவும் மருந்து தேவை. அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதம், லிட்டருக்கு 1 மில்லி. டைஃபெனகோனசோல், டெபுகோனசோல் சேர்ந்த மருந்துகளும் உண்டு. அவற்றில் கலவைக்குக் கலவை அளவு மாறும் என்பதால் டப்பாவில் தக்காளிக்கு என்று அச்சிட்டிருக்கும் அளவையே பாருங்கள்.

10 நாள் இடைவெளியில், ஒவ்வொரு தடவையும் மருந்தின் வகையை மாற்றி அடியுங்கள். அசாக்ஸிஸ்ட்ரோபினையே அடுத்தடுத்து அடித்தால் பூஞ்சணம் அதற்குப் பழகிவிடும். உலகின் பல இடங்களில் அப்படிப் பழகிவிட்ட ஆல்டர்நேரியா இருக்கிறது. கடையில் வேறு பெயர் போட்ட டப்பாவை வாங்கினால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படியுங்கள், பல சமயம் அதேதான் இருக்கும்.

இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லையே?

நோயைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் கேட்கவில்லை என்றால், நான் பார்த்தவரை காரணம் தெளிப்பில்தான். நடந்துகொண்டே செடியின் தலையில் அடித்துவிட்டுப் போகிறோம், நோய் அடியில் இருக்கிறது. தெளிப்பான் முனையைக் கீழே இறக்கி, மேல்நோக்கித் திருப்பி, அடி இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு அடிக்கச் சொல்வதும் இதற்குத்தான், மருந்து உள்ளே போக வழி கிடைக்கும்.

இன்னொன்று: பழைய பொட்டு மறையாது. எந்த மருந்து அடித்தாலும் காய்ந்த இடம் பச்சையாகாது. 'கேட்டதா' என்று பார்க்க, நோய் ஏறியிருக்கும் கடைசி இலைக்கு மேலே ஒரு நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து நூலுக்கு மேலே புதுப் பொட்டு இல்லையென்றால் மருந்து கேட்டிருக்கிறது.

வேப்பெண்ணெய், புளித்த மோர், பஞ்சகவ்யா போதாதா?

செடி திடமாக வளரப் பஞ்சகவ்யா உதவும், வேப்பெண்ணெய் சாறுறிஞ்சும் பூச்சிகளைக் குறைக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஏறிக்கொண்டிருக்கும் கருகலை இவை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நோய் வருவதற்கு முன்னால் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இரண்டையும் விதையிலிருந்தே பயன்படுத்தினால் பலன் உண்டு.

ரசாயனத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காக மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் வெளியிட்ட பழைய மருந்து. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு நன்றாகத் தீட்டிய அரிவாள் முனையை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். முனையில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் இலை பொசுங்கும். சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, நிறம் ஏறாமல் போகும் வரை சோதியுங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், வேறு மருந்தோடு சேர்க்கக் கூடாது, இளநாற்றுக்கு வேண்டாம்.

காய் பறிக்கும் நேரத்தில் மருந்து அடிக்கலாமா?

அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று ஒவ்வொரு டப்பாவிலும் இருக்கும். அந்த நாள் கணக்கை மீறாதீர்கள். பறிப்பு முடிந்த அன்று மாலையோ மறுநாளோ அடித்தால் அடுத்த பறிப்புக்குள் இடைவெளி கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் மாங்கோசெப்பையும் குளோரோதலோனிலையும் தன் நாடுகளில் நிறுத்திவிட்டது. நாம் இன்னும் பயன்படுத்துகிறோம் என்றால் அளவோடும் நாள் கணக்கோடும் பயன்படுத்துவதுதான் நியாயம், அந்தப் பழத்தை நம் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். தெளிப்பவர் முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட வேண்டும். கூலிக்கு வரும் ஆளுக்கும் அதை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

விலை அடிமட்டத்தில் இருக்கிறது. இதற்கு மேல் மருந்துச் செலவு தேவையா?

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, கிலோ 5 ரூபாய்க்கும் வாங்க ஆளில்லாமல் ரோட்டில் கொட்டிய நாட்களையும் பார்த்திருக்கிறோம். விலையைக் கணிக்க யாராலும் முடியாது, அதனால் நான் செடியில் மிச்சமிருக்கும் பறிப்பை எண்ணச் சொல்வேன். இன்னும் ஏழெட்டுப் பறிப்பு வரும், நோய் அடியில்தான் இருக்கிறது என்றால் செலவு செய்யுங்கள். இரண்டு பறிப்புதான் மிச்சம், நோய் பாதிச் செடிக்கு மேல் ஏறிவிட்டது என்றால் மருந்தை நிறுத்திவிட்டு, காயைப் பறித்ததும் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தக் காசு அடுத்த பட்டத்துக்கு நல்ல நாற்று வாங்க ஆகும்.

உரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்து வாடிய செடியில் கருகல் வேகமாக ஏறும். அதற்காக யூரியாவை அள்ளிப் போட்டால் இலை அடர்ந்து, உள்ளே ஈரம் காயாமல் வேறு வகையில் கெடும். காய் பிடிக்கும்போது பிரித்துப் பிரித்துக் கொடுங்கள்.

அடுத்த பட்டத்தில் வராமல் இருக்க?

அதே வயலில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் இரண்டு வருடமாவது நடாதீர்கள். மக்காச்சோளம், கேழ்வரகு, அவரை, செண்டுமல்லி என்று மாற்றுங்கள். இடம் இல்லாதவர்களுக்கு இது கஷ்டம்தான், தெரியும். அப்படியானால் பழைய செடியை வேரோடு பிடுங்கி அகற்றுவதையாவது முழுதாகச் செய்யுங்கள்.

விதை கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் கலந்து விதையுங்கள். குழித்தட்டு நாற்று வாங்கினால் தட்டைத் தூக்கி அடித்தண்டைப் பாருங்கள், கறுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பான மல்ச்சிங் ஷீட்டோ வைக்கோல் மூடாக்கோ போட்டால் மண் தெறிப்பது நின்றுவிடும். இந்த ஒரு வேலை இரண்டு தெளிப்புக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். ரகத்தில், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய வீரிய ஒட்டு. தாங்கும் என்றால் வரவே வராது என்பதல்ல, குறைவாக வரும், மெதுவாக ஏறும்.

மாடியில் நாலு செடிதான். எனக்கு இவ்வளவும் தேவையா?

வேண்டாம். இலையில் தண்ணீர் படாமல் வேரில் ஊற்றுங்கள், பைகளுக்கு இடையில் இரண்டடி விடுங்கள், மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்புங்கள், பொட்டு விழுந்த இலையை அன்றன்றே கிள்ளுங்கள். நாலு செடிக்கு இதுவே பெரும்பாலும் போதும். செடி முடிந்ததும் அதே மண்ணில் மறுபடி தக்காளி வைக்காமல் கீரையோ வெண்டையோ போடுங்கள்.

நோய் வந்த செடியின் பழத்தைச் சாப்பிடலாமா?

இலையில் மட்டும் பொட்டு, பழம் சுத்தமாக இருந்தால் கழுவிச் சாப்பிடலாம். பழமே கறுத்துக் குழிந்திருந்தால் வெட்டிச் சமாளிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எனக்கு இன்னும் சந்தேகம். யாரிடம் காட்டுவது?

உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ செடியைக் கொண்டுபோங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ஒரே ஒரு இலையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போகாதீர்கள், போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றுங்கள். அடி இலை ஒன்று, நடு இலை ஒன்று, கொழுந்து ஒன்று, காய் இருந்தால் அதுவும். எந்த இலையில் முதலில் பார்த்தீர்கள், எத்தனை நாள் ஆயிற்று, இதுவரை என்ன மருந்து அடித்தீர்கள் என்பதை அந்தச் செய்தித்தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.